யாகொதாவின் தீப்பெட்டியும் தம்பியின் பலகையும்

மிளகாய் கோக்கும் பருவம் வந்துவிட்டால் யாகொதாவின் இரண்டு கைகளும் அவளுடையவை அல்ல. இடக்கையில் மிளகாய், வலக்கையில் நீள ஊசி. அந்த நேரத்தில் ஃபோன் அடித்தால் ஊசியை உதட்டில் கவ்விக்கொள்வாள். வலக்கை ஏப்ரன் பைக்குள் போகும், கட்டைவிரல் ஒன்றே பச்சைப் பொத்தானை இழுக்கும், ஃபோன் தோளுக்கும் காதுக்கும் நடுவே போய் உட்கார்ந்துவிடும். பேசி முடிப்பதற்குள் சரம் ஒரு முழம் நீண்டிருக்கும். இடக்கையிலிருக்கும் மிளகாய் கீழே விழுந்து நான் பார்த்ததே இல்லை. எங்கள் வீட்டுக்கும் அவள் வீட்டுக்கும் நடுவே இடுப்பு உயர வேலிதான். அவள் மருமகளாக வந்த நாளிலிருந்து பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

உருவம் சிறியது, உள்ளங்கை அதைவிடச் சிறியது. எந்தப் பொருளையும் கையில் பிடித்துப் பார்த்து, விரல்கள் சுற்றி வந்து சேர்ந்தால்தான் வாங்குவாள். கத்தி, கரண்டி, மண்வெட்டிப் பிடி, சந்தையில் கோழிக்குஞ்சு, எல்லாம் இந்தச் சோதனைக்குத் தப்பாது.

"கைக்கு அடங்காத சாமான் எனக்கு வேலை செய்யாது. நான்தான் அதுக்கு வேலை செய்யணும்" என்பாள்.

கணவர் கிராதிமிர் மட்டும் விதிவிலக்கு. வாசலில் நுழையும்போது தலையைக் குனிய வேண்டிய மனிதர்.

"அப்போ என்னை எதைப் பிடிச்சுப் பார்த்துக் கட்டிக்கிட்டே?" என்று அவர் வருடத்துக்கு ஒருமுறையாவது கேட்பார், அதுவும் ஆட்கள் இருக்கும்போது.

"உன் ட்ராக்டர் கியரைப் பிடிச்சுப் பார்த்தேன். கைக்கு வாகா இருந்துச்சு. கூடவே நீ வந்துட்டே."

இதில் பாதி உண்மை. ஆற்றுக்கு அக்கரையிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்த முதல் இலையுதிர் காலத்திலேயே ட்ராக்டரை எடுத்துக்கொண்டு வயலுக்குப் போனவள் அவள். அப்போது தெருவே வாசலில் நின்று பார்த்தது. இப்போது எங்கள் தெருவில் ட்ராக்டர் ஓட்டாத பெண் நான் ஒருத்திதான்.

அவளுடைய ஃபோனுக்கு ஊரில் 'தீப்பெட்டி' என்று பெயர். அதை வாங்கிய கதை எல்லோருக்கும் தெரியும், ஏனென்றால் விற்ற தம்பியே சொல்லித் திரிந்தான். யாகொதாவின் தம்பி விதோமிர், லெஸ்கோவத்ஸ் நகரப் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் ஃபோன் கடை வைத்திருக்கிறான். பழைய பொத்தான் ஃபோன் செத்துப்போன அன்று அக்கா ஏப்ரனைக் கழற்றாமலேயே கடைக்கு வந்தாளாம். அவன் நல்ல நல்ல ஃபோனாக எடுத்து வைத்திருக்கிறான். அவள் திரையைப் பார்க்கவில்லை, விலையையும் கேட்கவில்லை. ஒவ்வொன்றாக ஏப்ரன் பையில் போட்டுக்கொண்டு, மிளகாய்ச் செடிக்குக் குனிகிற மாதிரி கடைக்கு நடுவில் குனிந்திருக்கிறாள். பையை விட்டு எட்டிப் பார்த்தால் தள்ளுபடி. கீழே விழுந்தால் தம்பிக்குத் திட்டு.

"அக்கா, இது ஃபோன். ஜனங்க கண்ணால பார்த்து வாங்கறாங்க!"

"ஜனங்க நிமிர்ந்தே நிக்கறாங்க போல. நான் குனியறவடா."

கடைசியில், கடையின் மூலையில் யாரும் கேட்காமல் கிடந்த சின்ன ஃபோன் ஒன்று பையில் அடங்கிற்று. அது அவளுக்குத் தீப்பெட்டி ஆயிற்று. விதோமிர் விற்கிற பெரிய ஃபோன்களுக்கு அவள் வைத்த பெயர் 'வெட்டுப்பலகை'. அந்த இரண்டு பெயர்களும் எங்கள் தெரு ரொட்டிக்கடை வாசலில் கட்சிகளாகவே பிரிந்துவிட்டன. கண்ணாடி போடுகிறவர்களும் படம் பார்க்கிறவர்களும் பலகைக் கட்சி. ஏணி ஏறுகிறவர்களும் பால் கறக்கிறவர்களும் தீப்பெட்டிக் கட்சி. கிராதிமிரின் கைக்குப் பலகையே தீப்பெட்டி மாதிரிதான் இருக்கும் என்றாலும், மனைவிக்குப் பயந்து எந்தக் கட்சியிலும் சேராமல் ரொட்டியை வாங்கிக்கொண்டு போய்விடுவார்.

சண்டை வேடிக்கையாகவே போய்க்கொண்டிருந்தது, மகன் லாசாருக்குக் கல்யாணம் நிச்சயமாகும் வரை.

பெண் நெவேனா. பள்ளிக்கூடத்தில் உடற்பயிற்சி ஆசிரியை, மாவட்ட ஹேண்ட்பால் அணியில் கோலுக்குப் பந்தெறிகிறவள். எல்லோருக்கும் அவளைப் பிடித்திருந்தது. சிக்கல் லாசாரின் அக்கா தூன்யாவிடமிருந்து வந்தது. தூன்யா நார்வேயில் செவிலியாக இருக்கிறாள். பிள்ளைத்தாய்ச்சி. கல்யாணத் தேதியில் அவளுக்கு எட்டு மாதம் முடிந்திருக்கும், விமானத்தில் ஏற்ற மாட்டார்கள். தேதியை மாற்றலாம் என்று லாசாரே சொன்னான். ஆனால் ட்ரம்பெட் குழுவின் தேதிகள் அடுத்த வருடம் வரை நிரம்பியிருந்தன. ட்ரம்பெட் இல்லாமல் எங்கள் பக்கம் கல்யாணம் என்று ஒன்று நடக்காது.

வராமல் போவதுகூட தூன்யாவுக்குப் பெரிதில்லை. சல்லடைதான் பெரிது. மருமகள் வாசலுக்கு வந்ததும் மாமியார் அலங்கரித்த சல்லடையைக் கையில் தூக்கிக்கொண்டு கைகோத்து ஆடும் கோலோ நடன வரிசைக்கு முன்னால் ஆடுவாள். ஆடி முடித்ததும் மாப்பிள்ளையின் அக்கா தங்கை அதை வாங்கி மருமகளிடம் கொடுக்க வேண்டும். மருமகள் அதிலிருக்கும் கோதுமையை நாலு பக்கமும் இறைத்துவிட்டு, சல்லடையைக் கூரைமேல் எறிவாள். கூரையில் தங்கினால் அவளும் வீட்டில் தங்குவாள். உருண்டு விழுந்தால் ஊர் வாயை மூட முடியாது. சின்ன வயதிலேயே தூன்யா தம்பியைச் சுவரோடு நிறுத்தி, "உன் பொண்டாட்டிக்குச் சல்லடை நான்தான் குடுப்பேன். என்னைக் கேக்காம கட்டிக்கிட்டே, தொலைச்சுடுவேன்" என்று மிரட்டியதை நானே வேலிக்கு இந்தப் பக்கமிருந்து கேட்டிருக்கிறேன்.

விதோமிர் யதார்த்தமாக, "என் பொண்ணு குடுக்கட்டுமே, அவளும் தங்கச்சி முறைதானே" என்றான். எங்கள் பக்கம் மாமன் மகளும் தங்கைதான்.

அன்று மாலை யாகொதா தீப்பெட்டியில் தூன்யாவிடம் பேசினாள். நானும் வேலியோரம் இருந்தேன்.

"அவ குடுத்தான்னா நான் அந்த வீட்டுப் படியே மிதிக்க மாட்டேன்மா. நான்தான் குடுப்பேன். வீடியோவுல குடுப்பேன்."

"சரிடி. இதைக் கையில வச்சுக்கிட்டு நான் உன்னை அங்க நிறுத்தறேன்."

"எதுல? இதுலயா? அம்மா, இப்பவே எனக்கு உன் மூக்கு ஓட்டைதான் தெரியுது. அங்க இருக்கறவங்களுக்கு நான் எப்படித் தெரிவேன்? தபால் தலை மாதிரி! நெவேனா என் முகத்தைப் பார்த்து வாங்கணும்மா. தெருவுல இருக்கறவங்களும் பார்க்கணும். மாமாகிட்ட பெருசா ஒண்ணு வாங்கு."

"பலகையா?"

"பலகைதான்."

யாகொதா மிளகாய்க் கூடையை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். இந்த ஒரு விஷயத்தில் அவள் ஊர் முழுவதும் பேசித் தீர்த்திருந்தாள். எந்த முகத்தோடு தம்பி கடைக்குப் போவாள்?

ஆனாலும் மறுநாள் போனாள். நானும் துணைக்குப் போனேன், அந்தக் காட்சியைத் தவறவிட எனக்கும் மனசில்லை. விதோமிர் கதவைத் திறந்துவிட்டு, தலையைத் தாழ்த்தி, "வாங்கம்மா, உட்காருங்க. குனிஞ்சு பார்க்கறீங்களா, நிமிர்ந்து பார்க்கறீங்களா?" என்றான்.

"ரொம்ப ஆடாதே. இருக்கறதுலயே பெருசைக் குடு. கல்யாணம் வரைக்கும்தான். அப்புறம் திருப்பிடுவேன்."

"அக்கா, உனக்கு உடம்பு சரியில்லையா?"

"டேய்!"

கண்ணாடிப் பெட்டிக்குள் வாடிக்கையாளர் பார்ப்பதற்காக வைத்திருந்த ஃபோனையே எடுத்துக் கொடுத்தான். அத்தனை பெரிது கடையில் அது ஒன்றுதான். யாகொதா அதை இரண்டு கையாலும் வாங்கி, வெள்ளரிக்காயை எடைபோடுவதுபோல் மேலும் கீழும் அசைத்துப் பார்த்தாள்.

"இதுல ரொட்டி மாவு தேய்க்கலாம்."

"தேய்ச்சுடாதே. கீறல் விழுந்தா யாரும் வாங்க மாட்டாங்க."

பிறகு ஒரு வாரம் ஒத்திகை. ஒரு கையில் சல்லடை, இன்னொரு கையைப் பிடிக்கப் பின்னால் வரிசை. ஃபோனை எந்தக் கையில் பிடிப்பது? சல்லடைக்குள்தான் வைக்க வேண்டும். முதல் நாள் துணியில் சுற்றி வைத்தாள், சரிந்து விழுந்தது. ரப்பர் வளையம் போட்டாள், பாதி முகம் மறைந்தது. "அம்மா, எனக்கு ஒத்தைக் கண்ணு!" என்று நார்வேயிலிருந்து கத்தல். கடைசியில் யாகொதா தனக்குத் தெரிந்த வழிக்கே வந்தாள். மிளகாய்ச் சரம் கட்டுகிற முடிச்சு. காற்று, மழை, அணில் எதற்கும் அவிழாத முடிச்சு அது. சிவப்பு ரிப்பனைச் சல்லடையின் கம்பி வலைக்குள் நுழைத்து, ஃபோனின் நாலு மூலையிலும் குறுக்காகக் கட்டினாள். சல்லடையைக் கண்ணாடி மாதிரி தூக்கிப் பிடித்தால், ரிப்பனுக்கும் காகிதப் பூவுக்கும் நடுவே தூன்யா முழுசாகச் சிரித்தாள்.

"இப்போ எப்படிடி இருக்கு?"

"பிறந்தநாள் கேக் மாதிரி இருக்கேன்!"

கோதுமை ஒரு பொட்டலத்தில் தனியாக இருக்கும், தூன்யா கொடுத்து முடித்ததும் யாகொதா ரிப்பனை அவிழ்த்து ஃபோனை எடுப்பாள், பிறகு கோதுமையைக் கொட்டுவாள், நெவேனா இறைப்பாள், எறிவாள். இதுதான் திட்டம். தீப்பெட்டியையும் அவள் கைவிடவில்லை. கல்யாணத்துக்குத் தைத்த நீல நிற மேல்கோட்டில் உள்பக்கமாக ஒரு பை வைத்துத் தைத்திருந்தாள், ஃபோனின் அளவுக்கு அச்சாக.

கல்யாண நாள் நல்ல வெயில். மணமகள் வண்டி ஹாரன் அடித்துக்கொண்டே தெருவில் நுழைந்ததும் ட்ரம்பெட்காரர்கள் எழுந்தார்கள். யாகொதா சல்லடையைத் தலைக்கு மேல் தூக்கினாள். அந்தச் சின்ன உடம்பு வரிசையை இழுத்துக்கொண்டு போன வேகம் இருக்கிறதே! பின்னால் நாங்கள் எல்லோரும் மூச்சிரைத்தோம். அவள் மட்டும் சல்லடையை இந்தப் பக்கம் ஒரு தடவை, அந்தப் பக்கம் ஒரு தடவை காட்டிக்கொண்டு, குதிகால் தரையில் படாமல் ஆடினாள். சல்லடைக்குள்ளிருந்து தூன்யா ஒவ்வொருவர் பெயராகக் கூப்பிட்டாள். "ஐயோ, ஸ்லாவ்கா அத்தை, முடிக்குச் சாயம் அடிச்சிருக்கீங்க!" தெருக்கோடியில் நின்றவர்கள்கூட அவள் முகத்தைப் பார்த்துக் கையசைத்தார்கள். பலகைக் கட்சிக்காரர்கள் ஒருவரையொருவர் விலாவில் இடித்துக்கொண்டதையும் பார்த்தேன்.

ஆட்டம் நின்றது. நெவேனா வெள்ளை உடையில் வாசலில் நின்றாள். யாகொதா சல்லடையை நீட்டினாள். திரைக்குள் தூன்யாவும் இரண்டு கைகளையும் நீட்டினாள்.

"நெவேனா, என் கையால வாங்கிக்கோ. அவன் காலுறையைக் கட்டிலுக்கு அடியில போடுவான், அதுக்கு நான் பொறுப்பில்ல."

நெவேனா சிரித்தாள், உடனே அழுதாள், மூக்கை உறிஞ்சிக்கொண்டே சல்லடையை வாங்கினாள். லாசார் வேறு பக்கம் திரும்பிக் கண்ணைத் துடைத்தான். தூன்யா நினைத்தது நடந்துவிட்டது.

யாகொதா ரிப்பனை அவிழ்க்கக் குனிந்தாள். முடிச்சு வரவில்லை. அணிலுக்கே அவிழாத முடிச்சு, வியர்த்த விரலுக்கு அவிழுமா? பல்லால் கடித்தாள். இதற்குள் பின்னாலிருந்த யாரோ ஒரு கிழவி சும்மா இருக்க மாட்டாமல், நேரமாகிறதென்று பொட்டலத்தைப் பிரித்துக் கோதுமையைச் சல்லடையில் கொட்டிவிட்டாள். கோதுமை விழுந்ததைக் கண்ட ட்ரம்பெட்காரர்கள் அடுத்த பாட்டைத் தொடங்கிவிட்டார்கள். நெவேனா தயங்கித் தயங்கி நாலு பக்கமும் இறைத்தாள். யாகொதா, "இரு, இரு" என்கிறாள். ட்ரம்பெட் சத்தத்தில் யார் காதில் விழும்?

அன்றைக்குக் கல்யாணத்தில் கட்டளையிடும் அதிகாரம் தாய்மாமனுக்கு. விதோமிர் காலையிலிருந்து ரக்கியா குடித்து உற்சாகமாக இருந்தான். தூரத்தில் நின்றவனுக்குக் கோதுமை பறந்தது மட்டும்தான் தெரிந்தது. கையை உயர்த்தினான்.

"எறி!"

கூட்டமும் சேர்ந்துகொண்டது. "எறி! எறி!"

மணமகள் கண்ணை மூடிக்கொண்டுதான் எறிய வேண்டும். நெவேனா கண்ணை மூடினாள். அவள் ஹேண்ட்பால் ஆடுகிறவள் என்பதை முன்பே சொல்லியிருக்கிறேன். உடம்பை ஒரு திருகு திருகி விட்டாள் பாருங்கள், சல்லடை சுழன்றுகொண்டே கிளம்பியது. அதற்குள்ளிருந்து "அம்மாஆஆ" என்று ஒரு குரலும் கிளம்பிப் போனது.

ஓட்டுக் கூரையில் 'டங்' என்று விழுந்தது. ஒரு குதி குதித்தது, கொஞ்சம் சறுக்கியது, புகைபோக்கிக்கும் டிவி குடைக்கும் நடுவே போய்ச் சிக்கி நின்றது. நிமிர்ந்தே நின்றது, முற்றத்தைப் பார்த்தபடி.

சல்லடை தங்கிவிட்டது என்று பாதிக் கூட்டம் கைதட்டியது. மீதிப் பாதிக்கு வாய் மூடவில்லை. விதோமிருக்குப் போதை அந்த நொடியே இறங்கிவிட்டது.

"அக்கா... ஃபோனை எடுத்துட்டேதானே?"

"நீதானேடா எறின்னே?"

"ஐயோ, என் கடை ஃபோன்! மாமா, ஏணி! ஏணியை எடுங்க!"

கிராதிமிர் ஏணியோடு ஓடிவந்து சுவரில் சாய்த்தார். யாகொதா குறுக்கே போய் முதல் படியில் ஏறி நின்றுகொண்டாள்.

"யாரும் ஏறக்கூடாது. முடிச்சை இழுத்தா சல்லடை அசையும், அசைஞ்சா உருளும். உருண்டா என் மருமக மூட்டை கட்டணுமா?"

"நான் எங்கேயும் போகலம்மா," என்றாள் நெவேனா, முகமெல்லாம் சிவந்து. "ஆனா மாமா, நீங்க ஏணியை எடுத்துடுங்க."

"அப்போ தூன்யா?" என்றான் லாசார்.

யாகொதா கூரையைப் பார்த்தாள், மருமகளைப் பார்த்தாள், மறுபடி கூரையைப் பார்த்தாள். மகளைத்தான் அங்கே மேலே வைத்திருக்கிறோம் என்கிற மாதிரி அவள் முகம் இருந்தது. அந்த நேரம் நீல மேல்கோட்டுக்குள்ளிருந்து மணி அடித்தது. ஒரு கை ஏணியைப் பிடித்திருக்க, இன்னொரு கை தீப்பெட்டியை எடுத்து, கட்டைவிரலாலேயே திறந்து காதில் வைத்தது.

"அம்மா! நான்தான், என் ஃபோன்லருந்து பேசறேன். கம்ப்யூட்டர்ல இன்னும் படம் ஓடுது. என்னை எங்கம்மா எறிஞ்சீங்க?"

"கூரைமேலடி, கண்ணு. அடி ஏதாவது பட்டுச்சா?"

"எனக்கு என்ன அடி? நான் நார்வேயில இருக்கேன். அம்மா, யாரும் என்னை இறக்காதீங்க! இங்கேருந்து மொராவா ஆறு வரைக்கும் தெரியுது! எல்லா மேசையும் தெரியுது. அப்பாவோட வழுக்கை தெரியுது!"

யாகொதா இதை அப்படியே உரக்கச் சொன்னாள். கிராதிமிர் தலையைத் தடவிக்கொண்டே ஏணியைக் கொண்டுபோய்க் கொட்டகையில் வைத்தார். சிரிப்பு அடங்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

அப்புறம் நடந்த கல்யாணம் மாதிரி எங்கள் தெருவில் முன்னும் நடந்ததில்லை, இனியும் நடக்காது. நாங்கள் கோலோ ஆடும்போது வட்டத்தின் நடுவைப் பார்த்து ஆடுவதுதான் வழக்கம். அன்றைக்கு ஊரே முகத்தை மேலே தூக்கிக்கொண்டு, கூரைக்குக் கையசைத்துக்கொண்டே ஆடியது. பெண்கள் கூரையைப் பார்த்து முடியைச் சரிசெய்துகொண்டார்கள். யாகொதா வரிசையின் முன்னால் ஆடிக்கொண்டே தீப்பெட்டியைக் காதில் வைத்திருந்தாள். மகள் சொல்லச் சொல்ல இவள் கத்தினாள்.

"விதோமிர்! மூணாவது மேசைக்கு அடியில நாய் பன்றித் தொடையை இழுக்குதாம்!"

"லாசார், சட்டை பின்னால தொங்குதாம், உள்ளே விடு!"

"டேய், வரிசையோட வால் என் தக்காளிப் பாத்தியில ஏறிடுச்சாம்! வளைஞ்சு வாங்கடா!"

கிராதிமிர் கொட்டகைக்குப் பின்னால் நின்று கோப்பையை நிரப்பியதுகூடத் தப்பவில்லை. "இது மூணாவது ரவுண்டாம், தூன்யா சொல்றா." அவர் கூரையைப் பார்த்துக் கோப்பையை உயர்த்திக் காட்டிவிட்டுக் குடித்தார்.

நான் ஆடிக் களைத்து நின்றபோது மேலே பார்த்தேன். சிவப்பு ரிப்பன்கள் காற்றில் ஆடின. அவற்றின் நடுவே அந்தப் பெரிய பலகை, கீழேயிருந்து பார்க்க, ஒரு தீப்பெட்டி அளவுக்குத்தான் இருந்தது. தூன்யாவின் முகம் ஒரு வெளிச்சப் புள்ளி. ரொட்டிக்கடைக் கட்சிக்காரர்களும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வெயில் சாயும்வரை பேட்டரி நின்றது. வெளிச்சம் அணைந்தபோது கூட்டம் "ஓ" என்றது. "அணைஞ்சுடுச்சும்மா. போதும், கண்ணு நிறையப் பார்த்துட்டேன்" என்றாள் தூன்யா, தீப்பெட்டிக்குள்ளிருந்து.

இரண்டு நாள் கழித்து, ஆளில்லாத நேரமாகப் பார்த்துக் கிராதிமிர் கூரை ஏறினார். கீழே நெவேனா போர்வையை விரித்துப் பிடித்துக்கொண்டு நின்றாள், சல்லடை விழுந்தால் தரையில் படாமல் ஏந்திக்கொள்ள. அவர் முடிச்சைத் தொடாமல் ரிப்பனை மட்டும் கத்தரித்து ஃபோனை உருவினார். சல்லடை இன்றும் அங்கேதான் இருக்கிறது. சிட்டுக்குருவி ஒன்று அதில் குடியேறியிருக்கிறது.

பலகையின் ஒரு மூலை விரிசல் விட்டிருந்தது, சார்ஜர் துளையில் ஒரு கோதுமை மணி. யாகொதா அதைத் துடைத்துக் கடையில் கொண்டுபோய் வைத்தாள். விதோமிர் அதை விற்கவில்லை. 'கூரைக்குப் போன ஃபோன்' என்று எழுதிக் கண்ணாடிப் பெட்டியிலேயே வைத்தான். அதைப் பார்க்க வருகிறவர்கள் வேறு பெரிய ஃபோன் வாங்கிக்கொண்டு போனார்கள்.

மிளகாய்ப் பருவத்தின் நடுவில் ஒருநாள் அவன் அக்கா வீட்டுக்கு வந்தான். நாங்கள் இருவரும் சுவரோரம் உட்கார்ந்து சரம் கோத்துக்கொண்டிருந்தோம்.

"அக்கா, இப்பவாவது ஒத்துக்கோ. பெருசுதானே நல்லது?"

"கூரைமேல எறியறதுக்கு நல்லதுதான். எறிஞ்சா அழகாத் தங்குது."

"இந்த வாய் மட்டும் தீப்பெட்டியில அடங்கவே அடங்காது."

அவள் பதில் சொல்ல வாயெடுத்தபோது ஏப்ரன் அடித்தது. ஊசி உதட்டுக்குப் போயிற்று, கை பைக்குள் போயிற்று, கட்டைவிரல் இழுத்தது. ஆனால் ஃபோன் தோளுக்குப் போகவில்லை. முகத்துக்கு நேராகவே நின்றுவிட்டது. உள்ளேயிருந்து புத்தம் புதுக் குரல் ஒன்று வீறிட்டு அழுதது.

அன்றைக்குத்தான் பார்த்தேன், யாகொதாவின் இடக்கையிலிருந்து மிளகாய் கீழே விழுந்ததை.

ஊசியைத் துப்பிவிட்டு, ஃபோனை மூக்குக்குக் கிட்டே கொண்டுபோனாள், பிறகு கை நீளத்துக்குத் தள்ளிப் பார்த்தாள். மறுபடி கிட்டே.

"பொண்ணாடி? கண்ணு யார் மாதிரி இருக்கு? ஒண்ணும் தெரியலையே, பட்டாணி மாதிரி இருக்காளே! டேய் விதோமிர், என்னடா நின்னு பார்க்கறே? வண்டியை எடு. போய் அந்தப் பலகையைக் கொண்டா!"

விதோமிர் அசையவில்லை. கைகளைக் கட்டிக்கொண்டு சுவரில் சாய்ந்தான்.

"கூரைமேல எறிய மாட்டேன்னு சத்தியம் பண்ணு."

"ஓடுடா!"

ஓடினான்.